கிராஷ் கார்டை நாமே செய்து மாட்டலாமா? வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன். ஜூனில் லடாக்கின் லே வரை போகத் திட்டம். முக்கால் இஞ்ச் ஜி.ஐ. தண்ணீர் பைப்பில் கிராஷ் கார்டு (வண்டி விழுந்தால் இன்ஜினைக் காக்கும் கம்பி) செய்து தருவதாக ஊர் கிரில் பட்டறையில் சொல்கிறார்கள். இன்னும் கனமான பைப்பாகப் போட்டால் நல்லதுதானே? (வாசகர், திண்டுக்கல்)

தண்ணீர் பைப் வேண்டாம். முக்கால் இஞ்ச் ‘பி’ கிளாஸ் பைப்பின் வெளி விட்டம் 26.9 மி.மீ., சுவர் 2.6 மி.மீ. வலுவில் குறையில்லை, குறை அதன் துத்தநாகப் பூச்சில்தான். வெல்டிங் சூட்டில் அது வெண்புகையாகக் கிளம்பும். அதை இழுத்தவருக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். வெல்டிங்கிலும் காற்றுக்குமிழ் விழும். வெளிப்பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடலாம், உள்பக்கத்துக்கு என்ன செய்வது?

கடையில் கேட்க வேண்டியது பூச்சில்லாத கறுப்பு இ.ஆர்.டபிள்யூ. டியூப், அதாவது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்த குழாய். வெளி விட்டம் 25.4 மி.மீ., சுவர் 2 மி.மீ., அதாவது ஒரு இஞ்ச் 14 கேஜ். கட்டில், நாற்காலிக்குப் போகும் 18 கேஜ் டியூபும் வெளியிலிருந்து பார்த்தால் இதேபோலத்தான் இருக்கும். ஆனால் அதன் சுவர் 1.2 மி.மீ.தான், வளைவைத் தாங்கும் வலு மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிடும், வளைக்கும்போதே நொடித்தும் போகும். வெட்டிய முனையில் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

2 மி.மீ. டியூப் மீட்டருக்கு 1.15 கிலோ. இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய நாலரை மீட்டர் பிடிக்கும். பிராக்கெட், போல்ட் எல்லாம் சேர்த்து 6 கிலோ சொச்சம் வரும். 6 மீட்டர் நீளம் ஒன்றை முழுசாக வாங்கிவிட்டால் ஒரு வளைவு கெட்டுப்போனாலும் சமாளிக்கலாம்.

கனம் விஷயத்துக்கு வருவோம். 199 கிலோ வண்டி சாயும்போது அந்த அடி எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். கம்பி வளைந்துகொடுத்தால் பாதி அடி அதிலேயே செலவாகிவிடும். 3.2 மி.மீ. பைப்பும் மூலைக்கு மூலை முக்கோணத் தகடுமாகக் கட்டினால் கம்பி அசையாது. அடி நேராக போல்ட் வழியே சேசிஸின் முன் டியூபுக்குப் போய்விடும். கம்பி கோணினால் புதுக்கம்பி போட்டுக்கொள்ளலாம். சேசிஸ் கோணினால் சேசிஸ் நம்பர், ஆர்.சி. என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை அலைய வேண்டியிருக்கும்.

ஹைட்ராலிக் பெண்டரில் வளைத்தால் வளைவு சப்பையாகிறது. மணல் அடைத்து வளைப்பது சரிவருமா? (வாசகர், கோவை)

அந்த பெண்டரின் அச்சு பெரும்பாலும் தண்ணீர் பைப் அளவுக்குச் செய்தது. 26.9 பைப்புக்கான பள்ளத்தில் 25.4 டியூப் தளர்வாக உட்காரும், பக்கவாட்டில் பிடிப்பில்லாமல் சப்பையாகும். உங்கள் டியூப் அளவுக்கே அச்சு வைத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். சைலன்சர் பெண்டு பைப் வளைத்துத் தருபவர்கள், ஹேண்டில்பார் செய்பவர்கள் மாண்ட்ரல் பெண்டர் (குழாய்க்கு உள்ளிருந்தும் தாங்கு கொடுத்து வளைக்கும் மெஷின்) வைத்திருப்பார்கள். வளைவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், கொடுத்துவிடலாம்.

மணல் வைத்தியமும் நன்றாகவே வேலை செய்யும், அவசரப்படாமல் செய்தால். மணலைச் சலித்து இரும்புச் சட்டியில் வறுத்து ஈரத்தை முழுதும் போக்குங்கள். இதில் அலட்சியம் கூடாது: ஈர மணலை அடைத்து இரண்டு முனையும் மூடிய பைப்பைச் சூடாக்கினால் உள்ளே நீராவி கட்டி அடைப்பு குண்டு மாதிரி தெறிக்கும். ஒரு முனையில் மரக்கட்டை அடித்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே நிரப்புங்கள். மணல் இனி இறங்காது என்றான பிறகு மறுமுனையை அடையுங்கள். கேஸ் டார்ச்சில் வளையும் நீளம் முழுவதையும் ஒரே சீராகச் செஞ்சிவப்பாக்கி, ஒரே இழுப்பில் வளைக்க வேண்டும். ஒரு புள்ளி மட்டும் அதிகமாகச் சிவந்தால் அங்கேதான் மடங்கும்.

வளைவின் ஆரம், டியூபின் மையக்கோட்டுக்கு 76 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். டியூப் விட்டத்தைப் போல மூன்று மடங்கு என்பது கணக்கு. அந்த ஆரத்திலேயே வளைவின் வெளிப்பக்கச் சுவர் 2 மி.மீ.யிலிருந்து 1.7-க்கு மெலிந்துவிடும். இன்னும் இறுக்கி வளைத்தால் இன்னும் மெலியும். டியூபின் நீளத்துக்கும் ஓடும் தையல் கோடு வளைவின் வெளிப்பக்கமும் வரக்கூடாது, உள்பக்கமும் வரக்கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். குளிர்ந்த நிலையில் வளைத்தால் டியூப் இரண்டு மூன்று பாகை திரும்பி வரும். அந்த அளவு கூட்டியே வளைக்க வேண்டும்.

வெட்டும் நீளத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். 76 மி.மீ. ஆரத்தில் 90 பாகை வளைவின் நீளம் 119 மி.மீ. மூலை வரை நேர்கோடாக அளந்தவர் கணக்கில் அது 152. ஒரு வளைவுக்கு 33 மி.மீ. வித்தியாசம். நாலு வளைவில் கார்டு அரை சாணுக்கு மேல் நீண்டு நிற்கும். அதனால் முதலில் 6 மி.மீ. கம்பியை வண்டி மேலேயே வைத்து வளைத்து மாதிரி செய்துகொள்ளுங்கள். பைப்பை அந்தக் கம்பியோடு ஒட்டவைத்து ஒப்பிட்டால் போதும், கணக்கு தப்பினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பக்கத்துக்கு ஒரே போல்ட்டில் கார்டு மாட்டித் தந்தார்கள். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்ததற்கே கார்டு சுழன்று டேங்கில் சொட்டை விழுந்துவிட்டது. எப்படி மாட்டியிருக்க வேண்டும்? (வாசகர், மதுரை)

ஒற்றை போல்ட்டில் நிற்பது கார்டு அல்ல, கடப்பாரை. அடி விழுந்த முனை நீளமாகவும் போல்ட் பக்கம் குட்டையாகவும் இருக்க, நெம்பித் தள்ளிவிடும்.

பக்கத்துக்கு மூன்று பிடிப்பு வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றாவது, இடது வலது கார்டுகளை இன்ஜினுக்கு முன்னால் இணைக்கும் குறுக்குக் கம்பி. வண்டி இடப்பக்கம் விழும்போது வலப்பக்க போல்ட்டும் சேர்ந்து இழுத்துப் பிடிப்பது இந்தக் குறுக்குக் கம்பியால்தான். பட்டறைகளில் அழகைக் காரணம் சொல்லி முதலில் வெட்டிப்போடுவதும் இதைத்தான். கழற்றி மாட்ட வசதியாக நடுவில் இரண்டு தகடு வைத்து இரண்டு போல்ட்டில் இணைத்துக்கொள்ளலாம்.

பிராக்கெட்டுக்கு 5 மி.மீ. பட்டை, 40 மி.மீ. அகலம். 10 மி.மீ. போல்ட்டுக்குத் துளை 10.5 போதும். கேஸ் கட்டிங்கில் துளை போட விடாதீர்கள், டிரில்லிங் மெஷினில்தான் போட வேண்டும். துளை ஓரத்துக்கும் பட்டை ஓரத்துக்கும் நடுவே 10 மி.மீ.யாவது சதை இருக்கட்டும்.

கீழ்ப் பிடிப்புக்குப் பெரும்பாலும் இன்ஜின் மவுண்டிங் போல்ட்டையே பயன்படுத்துவோம். இரண்டு பக்கமும் 5 மி.மீ. பட்டை சேர்வதால் பழைய போல்ட் 10 மி.மீ. குட்டையாகிவிடும். நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரியும்படி நீளமான போல்ட் வாங்க வேண்டும். வாங்கும்போது மரையைப் பாருங்கள். பைக்குகளில் 10 மி.மீ. போல்ட்டுக்கு 1.25 மரை (மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ.) சகஜம், சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைப்பது 1.5. பழைய நட்டைக் கொண்டுபோய்க் கையாலேயே கடைசி வரை திருகிப் பாருங்கள். இரண்டு சுற்றில் இறுகினால் அது வேறு மரை, ஸ்பேனர் போட்டு இழுக்காதீர்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலுவைக் குறிக்கும் எண் இருக்க வேண்டும், பழைய போல்ட்டில் எந்த எண்ணோ அதற்குக் குறையாமல். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவது தவறு. கடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம் 8.8-ஐ விடச் சீக்கிரம் நீண்டுகொடுக்கும்.

போல்ட்டை உருவுவதற்கு முன் இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்குங்கள். ஒரு போல்ட்டை எடுத்துப் புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தால்கூட போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்காதீர்கள். இன்ஜினில் போல்ட் நுழையும் அலுமினியக் காது அந்த இழுப்பிலேயே எந்நேரமும் இருந்து, ஒருநாள் ஆட்டத்தில் விரிசல் விடும். வாஷரை அடுக்குவதும் சரியில்லை. லேத்தில் 20 மி.மீ. இரும்பு ராடில் சரியான நீளத்துக்கு புஷ் (நடுவில் துளையுள்ள உருளை) கடைந்து வையுங்கள். எல்லா போல்ட்டும் விரலால் திருகியே உட்கார்ந்தால்தான் கார்டு சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இறுக்கும் அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள், 200 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

போல்ட்டே வேண்டாம், சேசிஸிலேயே வெல்ட் செய்துவிட்டால்? (வாசகர், நாமக்கல்)

கூடாது. வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில்தான் சேசிஸ் டியூப் பின்னாளில் விரியும், கோணலும் வரும். ஒருமுறை அடிபட்டால் கார்டை மாற்றவும் முடியாது.

கார்டை வண்டியிலேயே வைத்துப் பற்றவைக்கலாமா, கழற்றிவிட்டா? எந்த வெல்டிங்? (வாசகர், ஈரோடு)

வண்டியில் வைத்துப் புள்ளி மட்டும் வையுங்கள், அதாவது பிடிமானத்துக்குச் சின்னச் சின்னப் பற்றவைப்பு. முழு வெல்டிங் மேஜையில்.

புள்ளி வைக்கும் முன் டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். பேட்டரி நெகட்டிவ் ஒயரையும் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பிளக்கையும் பிரித்துவிடுங்கள். எர்த் கிளாம்ப் கார்டிலேயே, புள்ளி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடிக்க வேண்டும். பின்சக்கரத்திலோ ஸ்டாண்டிலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகத் திரும்பும். பேரிங் குண்டுகளில் பொறிபட்ட குழிகள் விழும், சத்தம் பின்னால் வரும்.

பிராக்கெட்டுகளை வண்டியில் இறுக்கி, டியூபை ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று நாலு புள்ளியில் பிடித்ததும், இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு துண்டு ஆங்கிளை (‘எல்’ வடிவ இரும்பு) தற்காலிகமாகப் பற்றவையுங்கள். அதற்குப் பிறகு கழற்றுங்கள். இந்த ஆங்கிள் இல்லாமல் முழு வெல்டிங் போட்டால் சூட்டில் இழுத்துக்கொண்டு துளைகள் 3, 4 மி.மீ. விலகிவிடும். அப்போது பட்டறையில் ரவுண்டு ஃபைலை எடுத்துத் துளையைப் பெரிதாக்குவார்கள். அங்கேயே கார்டின் பாதி பலம் போய்விடும்.

டியூபோடு டியூப் சேரும் இடத்தில் ஒன்றின் முனையை 25 மி.மீ. ஹோல்சாவால் (வட்டமாக வெட்டும் ரம்பம்) மீன் வாய் மாதிரி வெட்டி, அரம் போட்டு, வெளிச்சம் தெரியாமல் பொருத்துங்கள். இடைவெளியை வெல்டிங் ராடால் ரொப்புவது வேலையாகாது. 0.8 மி.மீ. ஒயர் போட்ட சிஓ2 வெல்டிங் இந்தக் கனத்துக்கு ஏற்றது. ஆர்கன் இன்னும் சுத்தம். ஆர்க் வெல்டிங்தான் கிடைக்கும் என்றால் 2.5 மி.மீ. 6013 ராடு, 60 முதல் 80 ஆம்பியர். அதிகம் வைத்தால் ஓட்டை விழும். கடைசி இணைப்பை மூடும் முன் டியூபின் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். உள்ளே அடைபட்ட சூடான காற்று உருகிய உலோகத்தைத் துப்பாமல் இருக்கும், பிறகு மழைத்தண்ணீரும் அந்த வழியே வடிந்துவிடும்.

கார்டு அகலமாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்கிறார்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்? (வாசகர், ஓசூர்)

இன்ஜினின் மிக அகலமான இடத்தைவிட 40 முதல் 60 மி.மீ. வெளியே வந்தால் போதும். ஹேண்டில்பாரைத் தாண்டக் கூடாது. அகலம் கூடக் கூட நெம்பும் தூரமும் கூடும், மணலில் காலை ஊன்றும்போது முழங்காலுக்குக் கீழே இடிக்கும்.

சாய்வுக்கு ஒரு எளிய சோதனை. வண்டியை சென்டர் ஸ்டாண்டிலோ, நிமிர்த்திப் பிடித்தோ வைத்து, டயருக்கு நேர் கீழே தரை மையத்திலிருந்து ஃபுட்ரெஸ்ட்டின் வெளி நுனிக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். ஃபுட்ரெஸ்ட் நுனி மையத்திலிருந்து 38 செ.மீ. வெளியே, 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் மையத்திலிருந்து 42 செ.மீ. வெளியே வரும் கார்டின் அடிப்பகுதி குறைந்தது 33 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நூலுக்குக் கீழே போனால் வளைவில் ஃபுட்ரெஸ்ட் உரசுவதற்கு முன்னால் கார்டு உரசும். ஃபுட்ரெஸ்ட் மடங்கிக் கொடுக்கும், கார்டு கொடுக்காது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை இது.

முன்சக்கர இடைவெளியை ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஹிமாலயன் 411-இன் முன் ஃபோர்க் 200 மி.மீ. உள்ளே போகும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதும் நீண்டிருக்கும்போது, டயரின் பின் விளிம்பிலிருந்து ஃபோர்க்குக்கு இணையாக ஒரு குச்சியை மேல்நோக்கிப் பிடியுங்கள். 225 மி.மீ. தூரத்துக்குக் குறுக்குக் கம்பி குறுக்கிடக் கூடாது. மட்கார்டின் நுனியிலிருந்தும் இதையே செய்யுங்கள், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்தும் பாருங்கள். பெண்டு பைப்புக்கு ஒரு இஞ்ச் விடுங்கள். ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக் மூன்றையும் கார்டைக் கழற்றாமல் எடுக்க முடிகிறதா, ஷூ போட்ட காலால் கியர் மாற்ற வருகிறதா என்பதைப் புள்ளி வைத்த நிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோணிச்சாக்கை விரித்து, இரண்டு பேர் பிடித்து வண்டியை மெதுவாகப் படுக்க வையுங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும். இன்ஜின் கவருக்கு அடியில் மடித்த செய்தித்தாளைச் சொருகி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் சரி. கியர் லீவர், ரேடியேட்டர் இருந்தால் ரேடியேட்டர், டேங்க் ஓரம், எல்லா இடத்திலும் இதே தாள். மறுபக்கமும்.

கார்டு நுனியில் ஃபாக் லைட் மாட்டினேன். சில மாதத்தில் வெல்டிங் ஓரத்தில் முடி போல விரிசல். மேலே மறுபடி வெல்ட் செய்தால் போதுமா? (வாசகர், தஞ்சாவூர். பழைய கிளாசிக் 350)

போதாது, திரும்பவும் அதே இடத்தில் விடும். உங்களுடையது அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் இல்லாத பழைய இன்ஜின், அதிர்வு அதிகம். தொங்கும் நுனியில் எடையை வைத்தால் ஆட்டம் முழுதும் வெல்டிங் ஓரத்துக்குத்தான் வரும். அங்கே வெல்டிங் டியூபைக் கொஞ்சம் தின்று பள்ளம் விட்டிருந்தால் விரிசல் அதிலேயே ஆரம்பிக்கும்.

விரிசலைக் கிரைண்டரில் முழுசாகத் தோண்டி எடுங்கள். டியூபை அந்த இடத்தில் வெட்டி, உள்ளே 80 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டுக் குழாயைச் சொருகுங்கள். 25.4 டியூபின் உள் விட்டம் 21.4, அரை இஞ்ச் கறுப்புத் தண்ணீர் பைப்பின் வெளி விட்டம் 21.3. உள்தையல் மேட்டை அரம் போட்டால் கனகச்சிதமாக நுழையும். சுற்றிலும் வெல்ட் செய்யுங்கள். லைட்டைப் பிடிப்புப் போல்ட்டுக்குப் பக்கத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். ஒயர் போக டியூபில் துளை போடாதீர்கள்.

பவுடர் கோட்டிங் (பொடி பெயிண்டைத் தூவி அடுப்பில் சுடுவது) செய்து மாட்டியதிலிருந்து போல்ட் அடிக்கடி தளர்கிறது. மரையில் லாக்டைட் பசை போடவா? (வாசகர், திருப்பூர்)

முதலில் பெயிண்டைச் சுரண்டுங்கள். போல்ட் பிடிக்கும் முகத்தில் இருக்கும் கோட்டிங் இறுக்கத்தில் நசுங்கி நசுங்கி மெலியும், போல்ட்டின் பிடி விட்டுப்போகும். துளையைச் சுற்றி வாஷர் அகலத்துக்கு வெறும் இரும்பு இருக்க வேண்டும். அங்கே மெல்லிய பிரைமர் அல்லது கிரீஸ் போதும். அடுத்த முறை கொடுக்கும்போது அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். சூடு தாங்கும் டேப்பாக இருக்கட்டும், அடுப்பு 180 முதல் 200 பாகை வரை போகும். பெண்டு பைப்புக்குப் பக்கத்தில் நைலான் நட்டு போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள், அந்தச் சூட்டில் நைலான் இளகிவிடும்.

கடற்கரை ஊர், துரு பயம். ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யலாமா? (வாசகர், ராமேஸ்வரம்)

செய்யலாம். ஆனால் மாடிப்படிக் கைப்பிடிக்கு வைத்திருக்கும் 1.2 மி.மீ. குழாயைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 304 தரம், 2 மி.மீ., ஆர்கன் வெல்டிங், 308எல் ராடு. பிராக்கெட் சாதா இரும்பு என்றால் 309எல். இதெல்லாம் கிடைக்காத ஊரில் சாதா இரும்பு டியூபே மேல். துத்தநாக பிரைமரும் பவுடர் கோட்டிங்கும் போட்டு, அடித்துளை வழியே டியூபுக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றிவிடுங்கள்.

போலீஸ் பிடிப்பார்களா? (வாசகர், சென்னை)

2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது கார், ஜீப்புகளின் முன்னால் மாட்டும் புல் பார் சம்பந்தப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. போல்ட்டில் மாட்டிக் கழற்றும் கார்டு அந்த விவரங்களைத் தொடுவதில்லை. இருந்தாலும் கூரான முனை, இண்டிகேட்டரை மறைக்கும் கம்பி, ஹேண்டிலைத் தாண்டும் அகலம் மூன்றில் எது இருந்தாலும் கேள்வி வரத்தான் செய்யும். இன்சூரன்ஸில் கூடுதல் பொருளாகக் காட்டாவிட்டால் கார்டுக்கு கிளெய்ம் கிடைக்காது.

விழுந்ததில் கார்டு இரண்டு விரல் உள்ளே போய்விட்டது. சூடுபண்ணி நிமிர்த்தினால் பழையபடி ஆகுமா? (வாசகர், சேலம்)

அடுத்த ஊர் வரை ஓட்ட நிமிர்த்திக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். மடங்கிய இடத்தில் சுவர் ஏற்கெனவே நீண்டு மெலிந்திருக்கும். அந்தத் துண்டை வெட்டிப் புதியது வையுங்கள். உள்குழாய் சொருகும் முறை இதற்கும் பொருந்தும்.

அதைவிட முக்கியம், கார்டைக் கழற்றி போல்ட்டுகளைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் வளைந்திருக்கிறது, தூக்கிப்போடுங்கள். பிராக்கெட் துளை முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பட்டை. சேசிஸின் முன் டியூபில் பிடிப்பைச் சுற்றிப் பெயிண்ட் சில்லு சில்லாகத் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெறித்திருந்தால் கார்டு வேலையை நிறுத்திவிட்டு சேசிஸ் அலைன்மென்ட் பார்க்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.